பிள்ளை பிறந்த பிறகும் ஒரு ஸ்கேன்

அன்பு மல்லி அக்கா,

உன் மகள் தேன்மொழி பிழைத்துவிட்டாள். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியைப் பதறாமல் கேள். பேத்திக்கு உன் மூக்கு. பாவம், என்ன செய்வது.

நான் கும்மிடிப்பூண்டியில் ஸ்கேன் டாக்டராக இருப்பது உனக்குத் தெரியாது. நீ எங்களை விட்டுப் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். ஷிப்ட் முடித்து கம்பெனி யூனிஃபார்மோடு வரும் கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குள் இருக்கும் பிள்ளையைக் காட்டுவேன், சிரிப்பார்கள். பிரசவத்துக்குப் பிறகு ஒருத்தியும் என் பக்கம் திரும்புவதில்லை.

தேன்மொழிக்குச் சுகப்பிரசவம்தான். அடுத்த வாரம் பார்க்கப் போனால் முகம் வெளுத்துக் கிடந்தாள். உதிரம் அடங்கவே இல்லை, துணி மாற்றி மாளவில்லை என்றாள். ஸ்கேன் எடுத்துவிடலாம் என்றேன். அம்மா பத்தியச் சோறு பிசைந்துகொண்டே சொன்னாள்:

"அது கெட்ட ரத்தம்டி, போவட்டும். புள்ளதான் வெளிய வந்துடுச்சே, இனிமே இன்னாத்துக்கு ஸ்கேனு?"

தேன்மொழியைப் பெற்ற பிறகு உனக்கும் இப்படித்தான் உதிரம் போனது; அம்மா கெட்ட ரத்தம் என்று சொல்லி உன்னைப் படுக்க வைத்தாள், நீ எழுந்திருக்கவே இல்லை. வாதாடாமல் ஆட்டோவைக் கூப்பிட்டேன். அம்மாவும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முணுமுணுத்தபடியே ஏறினாள்.

என் ஸ்கேன் திரையில் தெளிவாகத் தெரிந்தது. கருப்பைக்குள் நஞ்சுக்கொடியின் துண்டு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, அதற்கு ரத்தம் ஓடுவதும் தெரிந்தது. அது உள்ளே இருக்கும்வரை கருப்பை சரியாகச் சுருங்காது. அன்றே பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் ஏற்றி, அதை எடுத்துவிட்டார்கள். கருப்பைக்கும் பழுதில்லை.

உனக்கும் இதுதானா, அக்கா? பார்க்காமல் எப்படிச் சொல்வேன்?

மறுநாள் வார்டு வாசலில் அம்மா கேட்டாள். "மல்லிக்கு ஒடம்பு முடியாதப்பவே இந்த மிஷினு இருந்துச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். மனசு வரவில்லை. "திருவள்ளூர்ல இருந்துச்சும்மா. நமக்குத்தான் தெரியல."

அம்மா அழவில்லை. "பேப்பர்ல எழுது. நான்தான் அவள படுக்க வெச்சேன்னு என் பேரையும் போட்டு எழுது. நாலு பேரு பொண்ண இட்டுக்கினு வருவாங்க" என்றாள்.

பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். அம்மாவின் பேரை மட்டும் போடவில்லை. போட்டால் நீதான் முதலில் சண்டைக்கு வருவாய்.

இனி என்னிடம் வரும் ஒவ்வொரு கர்ப்பிணியையும், பிரசவத்துக்குப் பிறகு உதிரம் அடங்காவிட்டால் அன்றே வா என்று சொல்லித்தான் அனுப்புவேன். கூட வரும் அவள் அம்மாவிடம் நம் அம்மா பேசுவாள். நான் சொன்னால் தலையாட்டுவார்கள், அவள் சொன்னால் கேட்பார்கள்.

உன் தங்கை, தேன்மொழியின் சித்தி,
கௌரி