ரிங்குக்கு வெளியே நிற்பவன்

ஜூன் 14

குற்றாலம் சாரல் போட்டியில் கிங்ஸ்லியும் நானும் சேர்ந்தே ஆட வேண்டுமாம். எங்கள் கூடைப்பந்து கிளப்பின் கோச் சங்கரநாராயணன் அண்ணாச்சி இன்று அறிவித்தார். அணியில் உயரமானவர்கள் நாங்கள் இருவர்தான். இதுவரை நான் ஆடுவேன், அவன் பெஞ்சில் இருப்பான். அவன் அப்பா, டைல்ஸ் கடைக்காரர், எல்லோருக்கும் புது ஜெர்சி வாங்கித் தந்த மறுநாளே அண்ணாச்சிக்கு இந்த ஞானம் பிறந்திருக்கிறது.

இன்றைய தொழில்முறை ஆட்டத்தில் இரண்டு உயரமானவர்கள் சேர்ந்து ஆடினால், ஒருவனுக்காவது தூரத்திலிருந்து பந்தை ரிங்கில் போடத் தெரிய வேண்டும். இல்லாவிட்டால் இருவரும் ரிங்குக்கு அடியில் வழியை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். அண்ணாச்சியிடம் சொன்னேன்.

"டிவி பாத்துட்டு வந்து எனக்கு கிளாஸ் எடுக்காதலே. ரெண்டு யானை நின்னா எவன் உள்ள வருவான்?"

இறுதியாட்டத்தைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு அரசுத் துறை அணியின் தேர்வாளர் வருகிறார். உயரமானவனுக்கு ஒரே இடம். இடம் என்றால் வேலை. கிங்ஸ்லிக்கு அது பெருமை. சுரண்டையில் மூட்டை தூக்குகிறவரின் மகனான எனக்கு?

ஜூன் 17

சரி, ஒருத்தன் வெளியே நிற்கட்டும் என்றார் அண்ணாச்சி. யார் என்று யாரும் கேட்கவில்லை. கிங்ஸ்லி ஏற்கெனவே ரிங்குக்கு அடியில் போய் நின்றிருந்தான்.

ஜூன் 23

தூரத்திலிருந்து போட்டுப் பழகுகிறேன். பாதிப் பந்து போர்டில்கூடப் படவில்லை.

ஜூலை 12

அரையிறுதி. விடாத சாரல். வேறு ஊரில் ஆட்டத்தை நிறுத்தியிருப்பார்கள். இங்கே சாரல் மழைக் கணக்கில் சேராது. நிறுத்தச் சொன்னால் சிரிப்பார்கள். சிமெண்ட் தரை வழுக்கியது, பந்தும் வழுக்கியது. தூரத்திலிருந்து போட்டது எவனுக்கும் விழவில்லை. நானும் உள்ளே போய்விட்டேன். எம்பி எம்பிப் போட்டே ஜெயித்தோம்.

"எங்கலே போச்சு உன் மாடர்ன் ஆட்டம்?"

ஜெயித்தது சாரல். அதுகூடப் புரியாத ஆள் எங்களுக்குக் கோச்.

ஜூலை 13

இறுதியாட்டம். நல்ல வெயில், காய்ந்த தரை. நேற்று போலவே இரண்டு பேரும் உள்ளே நில்லுங்கள் என்றார். மதுரைக்காரர்கள் ஐந்து பேரும் வேகம். எங்களைச் சுற்றி ஓடினார்கள். நாங்கள் இரண்டு கரண்ட் கம்பங்கள். பாதி ஆட்டத்திலேயே மானம் போயிற்று.

தேர்வாளர் செல்போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அதைக் கண்டதும் நானே வெளியே வந்தேன். "உள்ள போலே!" என்று அண்ணாச்சி கத்தினார். போகவில்லை. இவ்வளவு உயரமானவன் அங்கிருந்து போடுவான் என்று எவனும் நினைக்கவில்லை. காவலுக்கு ஆளே இல்லை. போட்டேன். விழுந்தது. மறுபடியும். பிறகு என்னைத் தடுக்க ஓடி வந்தார்கள். உள்ளே கிங்ஸ்லி தனியாக நின்றான். பந்தை அவனுக்குக் கொடுத்தேன்.

தோற்றோம். கொஞ்சத்தில்தான்.

ஜூலை 14

தேர்வாளர் போன் செய்தார். "உள்ளே நிக்கிறவங்க எங்ககிட்ட இருக்காங்க தம்பி. இந்த உயரத்துல வெளியே நின்னு போடுறவன்தான் இல்லை."

அம்மா இரண்டு தடவை கேட்டாள், நிஜந்தானா என்று.

சாயங்காலம் கிங்ஸ்லியின் அப்பா கிளப்புக்கு வந்து அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டாராம். எங்கள் அணியில் ஆடும் ஆசிப் சொன்னான். அவர் கேட்டது ஒரே கேள்வி: "அந்த வெளி எடத்துல எம் பையன நிறுத்தியிருந்தா உமக்கு என்ன வே கொறஞ்சிருக்கும்?"

ஆகஸ்ட் 2

நாளை ரயில். சொல்லிக்கொள்ளக் கோர்ட்டுக்குப் போனேன். கிங்ஸ்லி என்னுடைய வெளி இடத்தில் நின்று போட்டுக்கொண்டிருந்தான். பண்பொழியிலிருந்து புதிதாக வந்திருக்கும் மாரிராஜ், என்னைவிட உயரம், ரிங்குக்கு அடியில் நின்று, விழாத பந்தையெல்லாம் பொறுக்கி அவனுக்கே எறிந்துகொண்டிருந்தான்.