மேட்டுக்காட்டில் வரப்போகும் ரயில்வே கேட்

நாகமலைப் பக்கம், மதுரைக்கு மேற்கே
பிரபவ வருஷம் ஐப்பசி மாதம் 22-ஆம் தேதி

கப்பலேறிப் போய் சிரம்பானில் தண்டவாள வேலை பார்க்கும் என் மகன் காசிமாயனுக்கு உன் அப்பன் வெள்ளைத்துரை ஆசீர்வாதம் சொல்லி எழுதிக்கொள்வது. சாமி புண்ணியத்தில் நானும் உன் ஆத்தா செல்லத்தாயும் எழுந்து நடமாடிக்கொண்டு நன்றாகவே இருக்கிறோம், நீயும் அந்த மழைச் சீமையில் காய்ச்சல் கீய்ச்சல் இல்லாமல் இருக்கிறாய் என்று உன் கையால் எழுதி வந்தால்தான் இங்கே சோறு இறங்கும். உன் தங்கை ஜெயக்கொடிக்கு இது ஐந்தாம் மாதம், சமயநல்லூரிலிருந்து தை பிறந்ததும் கூட்டிவர வேண்டும். சிவப்பி கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, பால் தருவதைவிட உதைப்பதுதான் அதிகம், உன் ஆத்தாவிடம் பழகிய மாடு வேறெப்படி இருக்கும். இதை அவளுக்குப் படித்துக் காட்டும்போது இந்த வரியை விட்டுவிடுவேன்.

நீ போகும்போது வெறும் பேச்சாக இருந்த போடி லைன் இப்போது கண்ணுக்கு முன்னால் கரையாக எழும்பி வருகிறது. ஆரப்பாளையம் தாண்டினால் பருத்திக்காடாகக் கிடந்ததே, அங்கெல்லாம் கல் நட்டு வீட்டுமனை என்கிறார்கள், ரயில் ஓடும் முன்னாலேயே டவுன் அதன் பின்னால் ஓடிவருகிறது. நம் ஊர் ஆள் நாற்பது பேரை வைத்து மண் வேலை பார்க்கும் மேஸ்திரி நான், நாற்பது கூடை, பதினைந்து மண்வெட்டி. மண் எடுத்த பள்ளத்தில் நடுவே ஒரு திட்டை வெட்டாமல் விட்டு அதை வைத்துத்தான் ஆழத்தை அளந்து வேலையைக் கணக்கிடுவார்கள். திட்டின் தலையில் யாராவது ரகசியமாக இரண்டு கூடை மண்ணைக் கொட்டி உயர்த்திவிடுகிறார்களா என்று பார்ப்பதற்கே எனக்கு இன்னும் இரண்டு கண் வேண்டும். எங்கள் ஓவர்சியர் பட்டாபிராமய்யர் சின்ன வயசு, குடுமிக்கு மேல் தொப்பி, மெல்லிய மனுஷன், ஆனால் கணக்கில் மயிரிழை விடமாட்டார். அவரிடம்தான் நான் என் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன், அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஓடைக்குப் பக்கத்தில் பூமி தாழ்ந்து கிடக்கிறதே, அங்கே கரை இரண்டு ஆள் உயரம் வருகிறது. நம் ஊர் வண்டிப்பாதை அங்கேதான் லைனைக் கடக்கிறது. ஆவணியில் ஒருநாள் பட்டாபிராமய்யர் படத்தை விரித்து வைத்து, மேஸ்திரி, கரைக்கு அடியிலே பாலம் விட்டு உங்க பாதையை விடலாம், இல்லேன்னா தள்ளி எங்கேயாவது கேட் போடலாம், ஊருக்கு எது சௌகரியம்னு நீரே சொல்லும் என்று கேட்டார். என்னையும் ஒரு மனுஷனாக மதித்துப் படத்தைக் காட்டிக் கேட்டாரே என்று எனக்குத் தலை கிறுகிறுத்துப் போயிற்று. பாலமே போடுங்க எசமான், கேட்டுன்னா வண்டி மாடு வெயில்ல காத்துக் கெடக்கணும் என்று ஒரு நொடியில் சொல்லிவிட்டேன். அவரும் மையைத் தொட்டு எழுதிக்கொண்டார். அன்றைக்கு நான் மீசையை முறுக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததை உன் ஆத்தா இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

கஞ்சி குடித்துக்கொண்டே பெருமையாக அவளிடம் சொன்னேன். அவள் ஊறுகாயை வைத்தபடி, ஏய்யா, அப்ப மாசிப் பச்சைக்குப் பெட்டி எந்த வழியாப் போகும் என்று மட்டும் கேட்டாள். கஞ்சிச் சட்டியைக் கீழே வைத்துவிட்டேன் மகனே. மாசிச் சிவராத்திரிக்கு நம் சாமி குடியிருக்கும் பெட்டியை விருமாண்டிப் பூசாரி தலையில் வைத்துக் கோயிலுக்கு எடுத்துப் போகும் பாதை அந்த ஓடைப் பாதைதானே. பெட்டிக்கு மேலே ஒருவன் கால் இருக்கலாமா? வழியில் மரத்தில் ஏறி வேடிக்கை பார்ப்பவனைக்கூட இறக்கிவிட்ட பிறகுதான் பெட்டி நகரும், நீயே ஒரு வருஷம் புளியமரத்திலிருந்து இறங்க மாட்டேன் என்று அடம்பிடித்து என்னிடம் விளாறால் வாங்கினாய், ஞாபகம் இருக்கும். அப்படிப்பட்ட சாமியைக் கரைக்கு அடியில் நுழைத்துக் கூட்டிப்போக நான், பெட்டியை வைத்துக் காக்கும் வீட்டுப் பங்காளி, என் வாயாலேயே சம்மதம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வேறு ஊர்க்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க முடியாது, செய்தாலும் அவனுக்கு அது தப்பே இல்லை.

மறுநாள் ஊர் கூடிவிட்டது. உன் பெரியப்பன் நல்லகாமன் என்னைப் பார்த்து, ஏன்டா தம்பி, எவனெவனோ மேல ரயில்ல காலத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போவான், அடியில நம்ம சாமி குனிஞ்சு போகணுமா, எம்புட்டுப் பெரிய மேஸ்திரியாயிட்ட நீ என்று கேட்டார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் மெதுவாகக் கேட்டார், அதுதான் தாங்கவில்லை. அடுத்த நாள் வேலைக்கு வந்த நாற்பது பேரும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்கள். பாலத்தை மாற்றாமல் ஒரு கூடை மண் விழாது என்றார்கள். பட்டாபிராமய்யர் தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டு, படம் மேலாபீசுக்குப் போயாச்சு மேஸ்திரி, நீர் சொல்லித்தானே எழுதினேன் என்றார். அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. ஒரு பக்கம் என் ஆள், ஒரு பக்கம் என் வேலை, நடுவில் நான். நாலு நாள் யார் முகத்தையும் பார்க்காமல் சிவப்பியோடு போய் நின்றுகொண்டிருந்தேன்.

வழி காட்டியது உன் கடிதம்தான். உன் ஆத்தா உன் கடிதங்களை எல்லாம் அரிசிப் பானையில் வைத்திருக்கிறாள், எது எதில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துத் தெரியாமலே சொல்லுவாள். அவள்தான், ஏய்யா, புள்ள எழுதியிருந்தானே, அங்க பள்ளத்துல ரோட்டை விடாம வளைச்சுக் கொண்டுபோயி மேட்டுல கேட்டு போட்டிருக்குன்னு என்றாள். எடுத்துப் பார்த்தேன், அப்படியே இருந்தது. ஓடையிலிருந்து மேற்கே முந்நூறு கஜத்தில் பூமி ஏறி, கரையும் தரையும் ஒன்றாகிவிடுகிறது. அங்கே கேட் போட்டால் பெட்டிக்கு மேலே வானத்தைத் தவிர ஒன்றுமில்லை. ஓடிப்போய்ச் சொன்னேன். பட்டாபிராமய்யர் சங்கிலி பிடித்து அளந்து பார்த்து, செய்யலாம், பாலத்தைத் தண்ணி போக மட்டும் சின்னதாக்கிடலாம், மேலே எழுதிப் பார்க்கறேன், ஆனா பாதை வளைஞ்சு வர்ற இடம் யாரோட பட்டா என்று கேட்டார். அந்த இடம் உன் மேட்டுக்காடு மகனே. உன் தாய்மாமன் நீ பிறந்தபோது உன் பேரில் எழுதிவைத்த அதே மேட்டுக்காடு.

திரும்பி வந்து அங்கே கிணறு வெட்டி நாலு தென்னை வைத்து வீடு கட்ட வேண்டும் என்று நீ ஒவ்வொரு கடிதத்திலும் எழுதுகிறாய். பாதை அந்தக் காட்டை இரண்டு துண்டாக்குகிறது, கிணற்றுக்கு நீரோட்டம் பார்த்து நாம் அடையாளக் கல் போட்டோமே, அந்தக் கல்மேலேயே போகிறது. கொஞ்சம் தள்ளிக்கொள்ள முடியாதா என்று நானும் மூன்று தடவை கேட்டுப் பார்த்தேன், ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் அடுத்தவன் கிணறு. தப்புச் செய்தவன் நான், இடம் போவது உனக்கு. இது எனக்கு உறைக்காமல் இல்லை. ஊர் முன்னால் நான் என் மகனைக் கேட்காமல் சொல்லமாட்டேன் என்றுதான் சொன்னேன். நல்லகாமன் பெரியப்பன் உடனே, புள்ள சொல்லட்டும், அதுவரைக்கும் ஓடைப்பக்கம் விட்டுட்டு மத்த எடத்துல வேலை நடக்கட்டும் என்றார், கூடையை முதலில் நிமிர்த்தியவரும் அவர்தான். விருமாண்டிப் பூசாரி செருப்பைக் கழற்றிவிட்டு, தலையில் பெட்டி இருப்பதுபோல் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, உன் காட்டின் வழியே அந்தப் புதுப் பாதையில் கடைசிவரை நடந்து பார்த்தார். வந்து, பெட்டி இதுல வரும், மனசுக்கு நல்லாருக்கு என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மேலாபீசில் தை முடிவதற்குள் பட்டாதாரர் சம்மதம் வந்தால் கேட் என்றும், வராவிட்டால் பழைய படப்படியே பாலம் என்றும் எழுதிவிட்டார்களாம். அப்படிப் பாலமானால் அடுத்த மாசிக்குப் பெட்டி வீட்டைவிட்டு நகராது, அதற்கு நான் காரணமாவேன். இதை உன்னை மிரட்ட எழுதவில்லை. உனக்கு மனசில்லை என்றால் மனசில்லை என்றே எழுது, ஊர் முன்னால் கைகட்டி நின்று என் தப்பை நான் சுமந்துகொள்வேன், உன்னை ஒருவர் ஒரு சொல் சொல்ல விடமாட்டேன். இன்னொன்று, கேட் என்று வந்தால் அதற்கு ஒரு கேட்காரன் வேண்டும், தண்டவாள வேலை தெரிந்தவனாக இருந்தால் நல்லது என்று பட்டாபிராமய்யர் பேச்சுவாக்கில் சொன்னார். சொன்னதுதான் தாமதம், உன் ஆத்தா அங்கே உனக்கு வீடு கட்டி, பொண்ணு பார்த்து, பேரப்பிள்ளைக்குக் காதும் குத்திவிட்டாள். கிணறு இல்லாத வீட்டில் எப்படி இருப்பான் என்று கேட்டேன், ரயில் கேட்டுல தண்ணித் தொட்டி வைப்பாகய்யா என்கிறாள். அவளோடு யார் பேசி ஜெயிப்பது.

இதோடு சம்மதக் கடுதாசி வைத்திருக்கிறேன், அடியில் பென்சிலால் பெருக்கல் குறி போட்ட இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட வேண்டும், கப்பலில் வர எம்புட்டு நாளாகுமோ, தாமதிக்காதே. ஈரத்தில் செருப்பில்லாமல் நடக்காதே, எண்ணெய் தேய்த்துக் குளி. பாதைக்கு முளைக்குச்சி அடிக்கும்போது நானும் ஓவர்சியரோடு போனேன். வரிசையாக அடித்துக்கொண்டே வந்தோம், உன் கிணற்றுக் கல்லிடம் வந்ததும் நான் சுத்தியலை நிறுத்திவிட்டேன். ஏன் என்று கேட்டார். இது எம் மகன் வார்த்தை வந்தாத்தான் எசமான் அடிப்பேன் என்றேன், அவரும் சரி என்று அந்த ஒரு குச்சியை என் கையிலேயே கொடுத்துவிட்டார். அதை உன் கடிதங்களோடு அரிசிப் பானையில் வைத்திருக்கிறோம்.

எங்கே இருந்தாலும் நம் சாமி உன் தலைக்கு மேலேயே நின்று காக்கட்டும், நூறு வயசு நல்லபடி இரு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
அப்பன் வெள்ளைத்துரை