நாலு விரல் கமுகு

என் பொன்னு அண்ணா,

நீ ஆசைப்பட்டது பாதி நடந்தாச்சு. உன் வீடும், உன்னை அடக்கின தென்னந்தோப்பும் தமிழ்நாட்டோடு சேர்ந்துட்டு. நான் வாக்கப்பட்ட பாறசாலை கேரளத்திலேயே நின்னுபோச்சு. எல்லைப் போராட்டத்துக்கு ஓடி ஓடி உழைச்ச நீ அந்தப் பக்கம் கிடக்கே, நான் இந்தப் பக்கம் மாட்டிக்கிட்டேன்.

நாளைக்கழிஞ்சு உனக்கு நினைவுக் கூட்டம். "போலீசு வந்தும் ஓடாம சிங்கம் மாதிரி இருந்தாராக்கும்" என்று மேடைக்கு மேடை சொல்லுறாங்க. அதைக் கேட்கும்போதுதான் உன்னைப் பறிகொடுத்த உன் பெண்டாட்டி, என் மைனி, தலை நிமிர்ந்து இருக்கா. நான் அவ பக்கத்துல இருந்து புடவைத் தலைப்பைக் கடிக்கிறேன். விழுங்கவும் முடியல்ல, துப்பவும் முடியல்ல.

நீ ஏன் ஓடல்ல என்று எனக்கும் உனக்கும் தானே தெரியும்?

போலீசு தேடுதென்று என் வீட்டுப் பின்கட்டுல ஒளிஞ்சிருந்தே. அப்பவும் சாஸ்தா கோயில் திருவிழாவுல சாமி வேட்டைக்குப் போற பள்ளிவேட்டைக்கு வில்லு செய்யணும் என்று ஒத்தைக்கால்ல நின்னே. "ஒளிஞ்சிருக்கிறவனுக்கு வில்லு ஒரு கேடா?" என்று ஏசினேன். "சாஸ்தாவுக்குப் போராட்டமும் போலீசும் உண்டா மக்கா?" என்று சிரிச்சே.

கமுகு மரத்து வைரக்கட்டையைச் செதுக்கி, வளைவுக் கட்டையில வரிஞ்சு கட்டி, சிரட்டைக்கரிக் கனல்ல காட்டினே. நான் விசிறினேன். கனல் ஒவ்வொரு விரல் அகலமா நகரணும். பாதியில எழும்பினா, சூடு கண்ட இடமும் காணாத இடமும் சேருற இடத்துல வில்லு ஒடியும். முந்தின வருஷம் நீ செய்த வில்லு அப்படித்தான் வேட்டை நடுவுல ஒடிஞ்சு ஊரே சிரிச்சுது. எனக்கு அந்த நாணக்கேடு ஆறல்ல.

வயலுக்கு அப்பால ஜீப்பு சத்தம் கேட்டுது. "வாறேன் மக்கா" என்று நீ எழும்பினே. நான் பாவி உன் கையைப் பிடிச்சேன். "நாலு விரல் தான் பாக்கி உண்டு. ஜீப்பு பாலம் சுற்றி வரதுக்குள்ள முடிச்சிடலாம், இரு."

நீ இருந்தே, நாலு விரலும் முடிஞ்சுது. ஜீப்பு சுற்றித்தான் வந்துது. போலீசு அதுக்கு முந்தியே இறங்கி வரப்பு வழியா நடந்து வந்துட்டு.

காய்ச்சலோட ஜெயில்ல இருந்து வந்தே. சாகிற வரைக்கும் மைனிகிட்ட நீ ஒரு வார்த்தை சொல்லல்ல. ஏன் அண்ணா? என்னை ஒரு வார்த்தை ஏசியிருக்கப்படாதா?

கூட்டத்துல வைக்க அந்த வில்லைக் கேட்டாங்க. அன்னைக்குக் கட்டினது, இன்னைக்குத்தான் அவிழ்த்தேன். ஒரு கோணல் இல்லை. ஒடியட்டும் என்று நாண் ஏத்தி முழுசா இழுத்தேன். ஒடியல்ல. அவ்வளவு நல்லா வந்திருக்கு. அதுதான் எனக்குத் தாங்கல்ல.

நாளைக்கு வில்லோட எல்லை கடந்து வாறேன். இந்தக் கடிதத்தை முதல்ல மைனிக்கு வாசிப்பேன், பிறகு கூட்டத்துல. அவ ஏசட்டும், எழும்பிப் போகட்டும். வாசிச்சு முடிக்காம நான் எழும்ப மாட்டேன்.

ஓடப் போன உன்னைப் பிடிச்சு இருத்தின தங்கச்சி,
செல்லம்மை