சாயம் ஏறாத இடம்

என் மகளின் அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை வருவதாக உங்கள் அம்மாவிடம் சொன்னீர்களாம். அதற்குள் படுக்கையறைக் கதவை முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஊரார் கதவுக்கெல்லாம் பாலிஷ் போடுகிறவர் வீட்டுக் கதவு அப்படிக் கிடந்தால் நன்றாகவா இருக்கும்?

பிளந்த பலகையைப் பசை வைத்து ஒட்டினேன். வழிந்ததை ஈரத்துணியால் துடைத்தேன். பழைய பூச்சையெல்லாம் சுரண்டி, நீங்கள் செய்வதைப் பார்த்த பழக்கத்தில், மரத்தின் ரேகை போன போக்கிலேயே உப்புத்தாளால் தேய்த்தேன். கையால் தடவினால் ஒட்டிய இடமே தெரியவில்லை. அத்தைக்கு ஒரே நிம்மதி. "பாத்தியா, ஒண்ணுமே நடக்காத மாதிரி இருக்கு" என்றார்.

சாயம் பூசியதும் குட்டு உடைந்துவிட்டது. ஈரத்துணியால் துடைத்ததுதான் தப்பு, பசை மரத்துக்குள் இறங்கிவிட்டது. பசை ஊறிய மரத்தில் சாயம் ஏறவில்லை. கதவு முழுக்கக் கருத்துவர, நடுவில் ஒரு பூட்ஸ் அளவுக்கு வெளுப்பு.

"இன்னொரு தடவை பூசு, மறைஞ்சிடும்."

அத்தை சொன்னாரே என்று பூசினேன். சுற்றிலும் இன்னும் கருத்தது. அது மட்டும் இன்னும் பளிச்சென்று தெரிந்தது.

மகள் பக்கத்தில் வந்து நின்றாள். "அப்பா உதைச்ச இடம்தானே இது" என்றாள். அத்தை சாய டப்பாவை மூடி வைத்தார்.

நானும் அதைச் சுரண்டவில்லை. அப்படியே மேலே வார்னிஷ் அடித்துவிட்டேன். உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைத்திருக்கிறேன், அவள் கைக்கு எட்டும் உயரத்தில்.

ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். கூடத்தில் நாற்காலி இருக்கிறது. அந்தக் கதவு, அவள் திறந்தால்தான் உண்டு.

இப்படிக்கு,
அவள் அம்மா