புகைபோக்கி இல்லாத அறை

அம்மணிக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்குக் கோபித்துக்கொள்ளாதே. அறிவொளி வகுப்பில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது. இந்தக் கடிதத்துக்கே இரண்டு நாள் ஆயிற்று. அப்பன் எழுதும் முதல் கடிதம், பத்திரமாக வை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் பேரனைப் பார்த்தேன். தொட்டிலுக்குப் பக்கத்தில் புகையும் விறகுச் சட்டி, கதவு ஜன்னலெல்லாம் அடைப்பு. குழந்தை இருமி இருமிச் சிவந்திருந்தான். நான் ஜன்னலைத் திறந்ததும் உன் மாமியார் ஓடி வந்து சாத்தினார்.

"ஏனுங்க சம்பந்தி, பச்சக் கொழந்தைக்குக் குளுரு ஏறிப்போடுமுங்க!"

"பொகை ஏறுனாப் பரவாயில்லீங்களா?"

"நான் பெத்ததெல்லாம் இப்படித்தானுங்க வளந்துச்சு."

வளர்ந்தது ஓட்டு வீட்டில். ஓட்டுச் சந்து வழியாகப் புகை போய்விடும். இப்போது கட்டியிருப்பது காங்கிரீட் வீடு. அந்த மகராசிக்குத் தெரியாது, சரி. உன் மாமனாருக்குமா? இரும்பு உருக்கும் பட்டறைக்கு ஐம்பது அடி உயரத்துக்குப் புகைபோக்கி வைத்த மேதை! இரும்புக்கு மூச்சு முட்டக் கூடாது, பேரனுக்கு முட்டலாம் போல.

பெண் கொடுத்த இடமாயிற்றே என்று அதற்கு மேல் பேசாமல் அன்னூர் பஸ் ஏறினேன். எழுத வந்த பிறகு வாயை மூடினால் என்ன, மூடாவிட்டால் என்ன?

சட்டியை வெளியே வை. குளிருக்குக் கம்பளியும் உன் மடியும் போதும். இருமல் நிற்காவிட்டால் டாக்டரிடம் காட்டு.

அவர்கள் பிரித்துப் படித்துவிடுவார்களே என்று பயப்படாதே. அதற்காகத்தான் இவ்வளவு பெரிய எழுத்தாக எழுதினேன். அடுத்த வாரமும் எழுதுவேன். அதற்குள் ஜன்னல் திறக்கவில்லையென்றால் கடிதம் வராது, நான் வருவேன்.

இப்படிக்கு,
கையெழுத்துப் போடும் உன் அப்பன்