உன் வழக்கின் சாம்பல் நிறம்

வாய்தா நாளென்றால் விடியும் முன்பே குளித்துக் கிளம்பிவிடும் என் அம்மைக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டால், "செத்தவகிட்ட கேக்குற கேள்வியா மக்கா இது?" என்பாய். இருந்தாலும் கேட்கிறேன். முழங்கால் வலி அங்கேயும் உண்டா?

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. "கம்ப்யூட்டர்ல படம் போடுதா" என்று ஊருக்கெல்லாம் சொன்னாய். சரிதான். இப்போது போட்டிருப்பது கோர்ட் வழக்குகளின் படம். எல்லாரும் பார்க்கக்கூடிய விவரங்களை எடுத்து, ஒரு வழக்குக்கு ஒரு கோடு என்று திரை முழுக்க வரைந்திருக்கிறோம். வழக்கு எத்தனை காலம் நிற்கிறதோ கோடும் அத்தனை நீளம். விரலால் தொட்டால் வாய்தா வாய்தாவாக விரியும். ஏன் தள்ளிப்போனது என்பதற்கு ஒவ்வொரு நிறம். நிலத்தை அளந்த அறிக்கை வரவில்லையென்றால் பச்சை, வக்கீல் அவகாசம் கேட்டால் மஞ்சள். வழக்குப் போட்டவர் இறந்து, வாரிசின் பெயரைச் சேர்க்கக் காத்திருந்தால் சாம்பல். அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தது நான்தான். அப்போது நீ இருந்தாய்.

நெய்யாற்றின்கரை கோர்ட்டின் வழக்குகளில் தேடி உன் கோட்டைக் கண்டுபிடித்தேன். அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்த அன்று, ஆட்டோ வராத ஒற்றையடிப் பாதையில் அவரை நாற்காலியில் வைத்துச் சுமந்தார்களே, அந்தப் பாதையை அகலமாக்கித் தரவேண்டும் என்று பக்கத்து வீட்டுத் தங்கையன் மாமன் மேல் நீ போட்ட கேஸ். "ஆட்டோ முற்றத்துல வந்து நிக்கணும், எனக்கு அது போதும்" என்பாய். பச்சை நீண்டு கிடந்த நாட்களில் சந்தையில் சாளை வாங்கி வந்து, "இன்னைக்கும் தள்ளி வச்சாச்சு. சாரமில்ல, போவட்டும், மீனாவது கிடைச்சுதே" என்றாய். மஞ்சள் நாட்களில் நீயும் மாமனும் ஒரே பஸ்ஸில் திரும்பினீர்கள். எதிராளிக்குச் சீட் பிடித்து வைக்கிற மனுஷியை உன்னைத் தவிர நான் பார்த்ததில்லை. அதற்குப் படத்தில் நிறமில்லை அம்மா.

போன வாரம் தனுவச்சபுரத்தில் ஒரு கல்லூரியில் இதைக் காட்டினேன். ஒரு மாணவி சாம்பல் கோடு ஒன்றைத் தொட்டுவிட்டு, "சேச்சி, பிள்ளைகளுக்கு ஒரு ஒப்பு போட இத்தற நாளா?" என்று கேட்டாள். ஒரு கையெழுத்துதானே என்று அவளுக்கு ஆச்சரியம். உன் கோட்டின் நுனியும் சாம்பலாகத்தான் வளர்ந்துகொண்டிருக்கிறது.

வக்கீல் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். "மனு ரெடியாக்கும். அம்மைக்க பேருக்குப் பக்கத்துல இறந்துட்டாருன்னு போட்டு, கீழ ஒன் பேரச் சேக்கணும். காலம் கழிஞ்சா கேஸே போயிரும்" என்கிறார். நான் வேலை என்கிறேன், மழை என்கிறேன். எல்லாம் சாக்கு. உன் கோட்டைத் தொட்டால் இன்னும் நீ மட்டும்தான் வாதி. உன் பெயருக்குப் பக்கத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. தினமும் காலையில் தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்த ஆம்புலன்ஸ் முற்றம் வரை வந்தது, தெரியுமா? மாமன்தான் வெட்டுகத்தியோடு நின்று தன் வேலியை வெட்டிக் கொடுத்தார். நேற்று வீட்டுக்கு வந்தார். "வேலிய இனி கெட்டமாட்டேன் மக்கா. அது அவளுக்க வழியாக்கும். நீ பேரச் சேரு, ராஜி எழுதி முடிச்சிருவோம்" என்றார். பிறகு, "கோர்ட்டுக்கு இனி யாரு கூடயாக்கும் நான் பஸ்ஸுல போறது?" என்று அழுதார். அம்மை இருக்கும்போதே வழியைக் கொடுத்திருந்தால் என்ன மாமா என்று கேட்க நாக்கு வரை வந்தது. எனக்குக் கோபம்தான், இப்போதும். ஆனாலும் காப்பி போட்டுக் கொடுத்தேன்.

நாளை போய்க் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன். பஸ்ஸில் மாமனுக்கு ஒரு சீட் பிடித்து வைப்பேன். திரும்பும்போது பாறசாலையில் ஆட்டோ பிடித்து, நம் முற்றத்தில் வந்து இறங்குவேன். டிரைவரைக் கொஞ்சம் நிற்கச் சொல்வேன். முழங்கால் வலியோடு நீ உள்ளேயிருந்து வந்து பார்க்க நேரமாகுமே.

உன் மகள்,
இனி உன் கேஸில் இரண்டாம் வாதி