விசிறி அட்டை

மார்ச் 3, திங்கள்

எங்கள் மருந்துக் கிடங்கின் கேட் இன்றைக்கும் மக்கர் பண்ணியது. லாரியில் சரக்கு ஏறும் இடத்தில் இரண்டு பக்கமும் நிற்கிற அந்த ரீடர் தூண்கள் மாத்திரை, பஞ்சு, ஊசி எது வந்தாலும் பெட்டிமேல் ஒட்டிய எலக்ட்ரானிக் டேக்கை ஒழுங்காகப் படித்துவிடும். பட்டியலில் இல்லாத பெட்டி என்றால் கத்தும். சிரப் பெட்டி வந்தால் மட்டும் ஊமை. தண்ணீர்ச் சரக்கு பக்கத்தில் இருந்தால் டேக் பேசாதாம். பொருத்த வந்த இன்ஜினியர் அப்படிச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். லாரிக்காரனிடம் ஏச்சு வாங்குவது நாங்கள்.

அதற்குத்தான் விசிறி. போகவேண்டிய பெட்டிகளின் எண்களுக்கு இன்னொரு செட் டேக் அச்சடித்து, ஓர் அட்டையில் ஒட்டி, தூணுக்கு முன்னால் இரண்டு தடவை ஆட்டினால் போதும். பீப், பச்சை விளக்கு, லாரி கிளம்பும். கண்டுபிடித்தவள் நான். பெயர் வைத்தவர் சூப்பர்வைசர். "தூணுக்கு வேர்க்குது போல, கொஞ்சம் விசிறி விடும்மா" என்பார். எனக்கும் இதில் பெருமைதான், பொய் சொல்வானேன்.

இன்று குழந்தைகள் இருமல் சிரப், இரண்டு பேட்ச். ஒன்று வெளியூர் டிப்போவுக்கு, ஒன்று உள்ளூர் மொத்த வியாபாரிக்கு. தலா முப்பத்தாறு பெட்டி. இரண்டு வண்டிக்கும் விசிறினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

மார்ச் 8, சனி

மகளுக்கு இருமல். வீட்டுக்காரர் கடையிலிருந்து சிரப் வாங்கி வந்தார்.

மார்ச் 11, செவ்வாய்

காலையில் தலைமை அலுவலகத்திலிருந்து அவசரத் தகவல். குழந்தைகள் சிரப்பில் ஒரு பேட்ச் தப்பு. தொழிற்சாலையில் பெரியவர்கள் மருந்தைக் குழந்தைகள் பாட்டிலில் நிரப்பிவிட்டார்கள். குடிக்கிற பிள்ளை தூங்கும். எழுப்பினால் எழுந்திருக்காது. மூச்சு நின்றுபோகவும் வாய்ப்பு உண்டு என்று எழுதியிருந்தது.

மேனேஜர் கணினித் திரையைப் பார்த்தார். அந்த பேட்ச் முப்பத்தாறு பெட்டியும் வெளியூர் டிப்போவில். போன் போட்டார். ஒரு பெட்டிகூட இன்னும் வெளியே போகவில்லை, அப்படியே பூட்டி வைத்துவிட்டோம் என்றார்கள். எல்லோருக்கும் உயிர் வந்தது. "இதுக்குத்தாம்மா டேக்கு! பத்து நிமிஷத்துல புடிச்சிட்டோம் பாத்தீங்களா?" என்று மேனேஜர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். நானும் சிரித்தேன்.

என் நாற்காலிக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது. திரைக்கு எப்படித் தெரியும்? நான் விசிறியதால் தெரியும். நான் எதைப் பார்த்து விசிறினேன்? பட்டியலைப் பார்த்து. வண்டிக்குள் போன பெட்டியைத் தூணும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை.

ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிற ஹாரன் அண்ணனிடம் கேட்டேன். (ஆளே இல்லாத இடத்திலும் ஹாரன் அடிப்பார்.) "ரெண்டும் ஒரே மாதிரி பெட்டிதானம்மா. கிட்ட நின்னத முதல்ல வந்த வண்டியில ஏத்தினேன். தப்பா இருந்தா கேட் கத்தியிருக்குமே?"

கத்தியிருக்கும். கத்த விட்டேனா?

மார்ச் 12, புதன்

டிப்போவுக்கு நானே போன் செய்தேன். அங்கே ரீடர் கிடையாது, எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போடுவதோடு சரி. பெட்டிமேல் அச்சடித்திருக்கிற பேட்ச் எண்ணைப் படிக்கச் சொன்னேன். அந்த ஆள் சலித்துக்கொண்டே போய்ப் பார்த்துவிட்டு வந்து படித்தார். இன்னொரு தடவை படிக்கச் சொன்னேன்.

அது நல்ல மருந்து. பூட்டி வைத்திருப்பது நல்ல மருந்து! கெட்டது இந்த ஊரில், மொத்த வியாபாரியிடம். ஒன்பது நாளாக.

சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் முதலில் கதவைச் சாத்தினார். "யார்கிட்டயும் சொல்லலியே? நான் அந்தக் கடைக்காரர்கிட்ட சொல்லி நைசா திருப்பி எடுத்துக்கறேன். நாளைக்கு முடிச்சிடலாம். விசிறின கை உங்களுதும்மா, அத மட்டும் நெனச்சுக்குங்க."

நினைத்துக்கொண்டேன். வேலை போகும், போலீஸ் வரும், வீட்டுக்காரர் முகத்தில் எப்படி முழிப்பேன், எல்லாம் நினைத்துக்கொண்டேன். வாயை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்ததும் மகளின் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். வேறு பேட்ச். மறுபடியும் பார்த்தேன். வேறுதான். "என்னத்த அந்தப் பாட்டிலயே பாத்துக்கிட்டிருக்க?" என்றார் அவர். ஒன்றுமில்லை என்றேன்.

என் பிள்ளை பாட்டில் வேறு. சரி. இதே நேரத்தில் வேறு எந்த வீட்டில் யார் மூடியில் ஊற்றிக்கொண்டிருக்கிறார்கள்? ஐயோ, நான் ஏன் இங்கே உட்கார்ந்திருக்கேன்?

மார்ச் 13, வியாழன்

எட்டு மணிக்கே மேனேஜர் மேசையில் விசிறி அட்டையை வைத்துவிட்டேன். டிப்போவில் படித்த பேட்ச் எண்ணைச் சொன்னேன். அவர் அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எத்தன நாளா நடக்குது இது?" "ஆறு மாசமா, சார்." திட்டவில்லை. திட்டியிருக்கலாம். கைரீடரை எடுத்துக்கொண்டு எழுந்து, "ஏறுங்க வண்டியில" என்றார்.

வியாபாரியின் கிடங்கில் ஒவ்வொரு பெட்டியாக டேக்கை ஒட்டினாற்போல் கைரீடரை வைத்துப் படித்தேன். அப்படி வைத்தால் சிரப் பெட்டியும் பேசும். அன்றைக்கே இப்படிச் செய்திருந்தால் கூடுதலாக அரைமணி நேரம் ஆகியிருக்கும். அவ்வளவுதான்.

முப்பத்தைந்து பெட்டி இருந்தது. ஒன்று நேற்றுக் காலை ஒரு மருந்துக்கடைக்குப் போயிருக்கிறது. ஓடினோம். பெட்டிக்கு இருபத்துநான்கு பாட்டில், இருப்பது இருபத்தொன்று. வாங்கியவர்களில் இரண்டு பேர் கடைக்காரருக்குத் தெரிந்தவர்கள், அவர்கள் இன்னும் மூடியே திறக்கவில்லை. மூன்றாவது யார்?

"யாரோ ஒரு அம்மா. நேத்து சாயங்காலம் வந்தாங்க. கூட்டத்துல முகம் பாக்கலீங்க."

நேற்றுச் சாயங்காலம். நான் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போன சாயங்காலம்.

பாட்டிலுக்கு டேக் இல்லை. பெட்டி பிரிந்த இடத்தோடு எங்கள் கணக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு யாருக்கும் ஒன்றும் தெரியாது. கடை வாசலில் அறிவிப்பு எழுதி ஒட்டினோம், ஆஸ்பத்திரிகளுக்குச் சொன்னோம். கடை சாத்தும்வரை வாசலிலேயே நின்றேன். கையில் பிள்ளையோடு போகிற பெண்களையெல்லாம் நிறுத்திக் கேட்டேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

மார்ச் 14, வெள்ளி

கடை திறக்கும் முன்பே போய் நின்றேன். ஒன்பது மணிக்கு ஒரு பெண் வந்தாள். பிள்ளை தோளில் துணிபோலக் கிடந்தான். "அண்ணே, உங்க மருந்து குடிச்சதுலேருந்து பய தூங்கிக்கிட்டே இருக்கான். இது சரிதானா?"

அதற்குப் பிறகு நடந்தது கோர்வையாக இல்லை. ஆட்டோ. அவள் மடியில் பிள்ளை, என் கையில் பாட்டில். அவன் மூச்சை நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். ஒன்று... அடுத்தது வரவில்லை... வந்தது. டாக்டர் பாட்டிலைப் பார்த்ததும் யாரையும் எதுவும் கேட்கவில்லை, உள்ளே தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

மூன்று வேளை கொடுத்திருக்கிறாள். நான்காவது வேளை இன்று காலை. மருந்தை மூடியில் ஊற்றிவிட்டு, எழுப்ப மனசு வராமல் வைத்துவிட்டாளாம்.

மார்ச் 15

கண் திறக்கவில்லை. மூச்சு இருக்கிறது.

மார்ச் 16, ஞாயிறு

திறந்துவிட்டான்! தண்ணீர் கேட்டானாம்.

நான் போனபோது அவன் அம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க மட்டும் அங்க நிக்கலன்னா என்ன ஆயிருக்கும்க்கா? உங்களுக்கு என்ன தலையெழுத்தா, முன்னபின்ன தெரியாத எங்களுக்காக நின்னீங்களே."

கடையில் வேலை பார்க்கிறவள் என்று நினைத்திருக்கிறாள். நான் இல்லையென்று சொல்லவில்லை. கையையும் விடுவிக்கவில்லை. எழுதவே கூசுகிறது.

மார்ச் 19, புதன்

விசாரணை முடியும்வரை நானும் சூப்பர்வைசரும் வரவேண்டாம் என்று கடிதம். ஹாரன் அண்ணன் போன் செய்தார். இப்போது சிரப்புக்கு ஒவ்வொரு பெட்டியாகக் கைரீடர்தானாம், ஒரு வண்டிக்கு அரைமணி நேரம் ஆகிறதாம். "ஹாரன் அடிச்சாலும் எவனும் நகர மாட்டேங்கறாம்மா" என்றார். சிரிக்கப் பார்த்தேன். அழுகைதான் வந்தது. அன்று ராத்திரி வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனார்.

மார்ச் 22, சனி

அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனேன். தெருமுனையிலிருந்து இரண்டு தடவை திரும்பி வந்து, மூன்றாவது தடவைதான் கதவைத் தட்டினேன்.

டீ போட்டுக் கொடுத்தாள். பையன் ஓடிவந்து என் மடியில் ஏறி உட்கார்ந்து, வளையலை ஒவ்வொன்றாக மேலே தள்ளி விளையாடினான். தலையில் எண்ணெய் வாசனை. மூச்சை எண்ணாமல் இருக்க முடியவில்லை.

சொன்னேன். அட்டையைச் சொன்னேன். பன்னிரண்டாம் தேதி தெரிந்தும் வீட்டுக்குப் போனதைச் சொன்னேன். அன்றைக்கே வாயைத் திறந்திருந்தால் அந்தப் பாட்டில் கடையை விட்டுப் போயிருக்காது என்பதையும் சொன்னேன்.

அவள் கத்தவில்லை. வெளியே போ என்றும் சொல்லவில்லை. எழுந்து வந்து, என் மடியிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டாள்.